சீலிங் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஜாலான் பசார் கடை ஒன்று, பிளாஸ்டர் தம்பி ஒருவர்

வாங்கியது போல்க் ஆடியோ ஆர்சி60ஐ, ஆறரை அங்குலம், ஒரு ஜோடி. மாட்டியது கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் மாடி டெரஸ் வீட்டின் கீழ் ஹாலில். ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டுகிற பெட்டி, ஏற்கெனவே வீட்டிலிருந்த யாமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ. ஸ்பீக்கர், வயர், ஆள்கூலி, பெயின்ட் டச்சப் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது. படம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, வாங்கலாம். ஆனால் அதில் ஸ்பீக்கருக்குச் சேர வேண்டிய பெருமை பாதிதான். மீதிப் பாதி, துளை எங்கே விழுந்தது, உள்ளே ஓடுவது என்ன வயர், வெட்டியது யார் என்பதற்குப் போக வேண்டும். என்னிடம் கேட்கிற எல்லோரும் என்ன மாடல் என்றுதான் கேட்கிறார்கள். சீலிங்கில் எங்கே போட்டீர்கள் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஆடியோ ஆள் இல்லை. டயர் கடையில் கணக்கு எழுதுகிறவள். பில்லில் இருக்கிற ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்காமல் பணம் கொடுக்கிற பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும், கனத்த பாஸ் சத்தம் தருகிற ஒரு சப்வூஃபரும் முன்பே இருந்தன. எங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கலாம் என்றார். உழைக்கிற பொருளை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? ரிசீவரின் பின்பக்கம் இன்னும் இரண்டு ஸ்பீக்கருக்கு இடம் சும்மா கிடந்தது.

தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச் செய்கிற டால்பி அட்மோஸ் 2012இல் தியேட்டர்களுக்கு வந்தது, 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கு இறங்கியது. 5.1.2 என்று எழுதியிருந்தால் முதல் எண் சுற்றியுள்ள ஸ்பீக்கர், நடு எண் சப்வூஃபர், கடைசி எண் தலைக்கு மேலே. எங்களுடையது ஏழு சேனல் ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரை ஓட்டும், ஆகவே மேலே இரண்டுதான் போட முடியும். நாலு வேண்டுமென்றால் ஒன்பது சேனல் ரிசீவர் வேண்டும், அதன் விலையில் எங்கள் ஹாலுக்குப் புது சோபாவே வாங்கிவிடலாம். எங்களைப் போன்ற ஹாலுக்கு இரண்டு போதும் என்பது என் கருத்து. சரியான இடத்தில் இரண்டு இருப்பது, தவறான இடத்தில் நாலு இருப்பதைவிட மேல்.

முதலில் போனது பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் பக்கம். தாமான் ஜெயா எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம், வாரக் கடைசியில் பழைய சாமான் சந்தையும் உண்டு, ஹைஃபை கடைகளும் உண்டு. இருட்டறையில் உட்கார வைத்து டெமோ போட்டார்கள். நன்றாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கேட்கிற சத்தம் அந்த அறையின் சத்தம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, தரையெல்லாம் கம்பளம். நம் வீட்டிலோ டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு, மேலே சுற்றுகிற காற்றாடி. அங்கே கேட்டதை வைத்து இரண்டு மாடலுக்கு நடுவே தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை என்று பட்டது.

பிறகு வீட்டுக்கே வந்து அளந்து மாட்டித் தருகிற ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். நல்ல சட்டை, நல்ல பேச்சு, டேப்லெட்டில் படம் வரைந்து காட்டினார்கள். ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். படத்தில் ஸ்பீக்கர் எங்கே இருந்தது என்று பார்த்தேன். டிவி சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டு டவுன்லைட்டுக்கு நடுவில், வரிசை பிசகாமல். ஏன் அங்கே என்று கேட்டேன். “அப்பதான் சீலிங் பார்க்க அழகா இருக்கும், மேடம்” என்றார். அழகுதான். ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் அது தலைக்கு மேல் வராது, டிவிக்கு மேல் வரும். விமானம் டிவிக்கு மேலே பறப்பதைக் கேட்க எனக்கு ஆறாயிரம் வெள்ளி செலவழிக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் ஜாலான் பசார். பூடு பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும், ரெசிஸ்டரிலிருந்து கோயில் ஒலிபெருக்கி வரை கிடைக்கிற தெரு. கார் நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை, எல்ஆர்டியில் போய்விடுவது உத்தமம். நான் போன கடையில் அறுபது வயதைத் தாண்டிய சீனர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஏதோ சால்டர் செய்துகொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமான வெள்ளை சீலிங் ஸ்பீக்கர்கள், ஒன்று ஐம்பது வெள்ளிக்கும் கீழே. இதுவே போதுமே என்று கையை நீட்டினேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“இனி சுராவ் பூஞா. ரூமா தக் போலே.”

சுராவ் என்கிற சின்னத் தொழுகை இடத்துக்கும் ஷாப்பிங் மாலுக்கும் உள்ளதாம், வீட்டுக்கு ஆகாதாம். திருப்பிக் காட்டினார். முதுகில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், 100 வோல்ட் என்று எழுத்து. பெரிய கட்டடத்தில் ஒரே வயரில் ஐம்பது ஸ்பீக்கரைத் தொங்கவிட அப்படிச் செய்கிறார்கள், நீண்ட தூரம் போனாலும் சக்தி குறையாது. வீட்டு ரிசீவர் பேசுவது எட்டு ஓம், ஆறு ஓம் என்கிற மின்தடைக் கணக்கில். இதை அதில் மாட்டினால் சத்தம் ஈனஸ்வரத்தில்தான் வரும். விற்றிருந்தால் நூறு வெள்ளி அவருக்கு வந்திருக்கும், நானும் சந்தோஷமாக வாங்கி வந்திருப்பேன். ஆன்லைனில் மலிவாக வருகிற சீலிங் ஸ்பீக்கர்களில் பல இந்த இனம்தான். ‘100V’, ‘70V’ என்று விவரத்தில் கண்ணில் பட்டால் விட்டு விலகுங்கள். இந்தக் கடைக்கு என் மதிப்பெண் முழுசாகப் பத்து. நான் அவரிடம் வாங்கியது வயர் மட்டும்தான்.

ஸ்பீக்கரை ஆன்லைனில் எடுத்தேன். போல்க் எடுத்ததற்குக் காரணம் சுருக்கமாக: ஈரம். இந்த மாடலைக் குளியலறைக்கும் மூடிய வராந்தாவுக்கும் போடலாம் என்றே செய்திருக்கிறார்கள். கோன், அதாவது அதிர்கிற கூம்பு, பாலிமர், ஓரத்தில் ரப்பர். கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மழை பெய்து நாலு மணிக்கு வெயில் அடித்தால் சீலிங்குக்கு உள்ளே என்ன நிலைமை என்று நினைத்துப் பாருங்கள். காகித கோனுக்கு ஈரம் ஆகாது, ஃபோம் ஓரம் வருடம் போகப் போக உதிர ஆரம்பிக்கும். எங்க அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் விரலை வைத்தால் ஃபோம் கரியாகக் கையில் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது காரணம், ட்வீட்டரை, அதாவது கீச்சொலி தருகிற சின்ன ஸ்பீக்கரை, திருப்பலாம். சோபா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விரலால் லேசாகச் சாய்த்துவிடலாம். மூன்றாவது, கிரில்லுக்குப் பெயின்ட் அடிக்கலாம். எங்கள் சீலிங் சுத்த வெள்ளை இல்லை, லேசான பால் நிறம். வெள்ளை கிரில் இரண்டு திட்டாகத் தெரிந்தால் வீட்டில் தினம் ஒரு பேச்சு வரும்.

எட்டு அங்குலம் நல்லதா என்று கேட்டால், பாஸ் கொஞ்சம் கூடும், துளையும் கூடும். நமக்குத்தான் சப்வூஃபர் இருக்கிறதே. மேலே போகிற ஸ்பீக்கர் பாஸ் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஆழம். ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் பொதுவாக மூன்றரையிலிருந்து நாலரை அங்குலம் வரை உள்ளே போகும். உங்கள் பிளாஸ்டருக்கும் மேலே உள்ள கான்கிரீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு டவுன்லைட்டைக் கழற்றி, உள்ளே ரூலரை விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் தாராளமாக ஓரடி இருந்தது. சில வீடுகளில் உயரம் வேண்டுமென்று பிளாஸ்டரைக் கான்கிரீட்டோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். அங்கே இந்தப் பேச்சே கிடையாது.

இடத்துக்கு வருகிறேன். ரிசீவரில் செட்டிங் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், போட்ட துளையை மாற்ற முடியாது.

இரண்டு ஸ்பீக்கர் மட்டும் மேலே போடுகிறவர்களுக்கு டால்பி சொல்கிற கோணம் 65இலிருந்து 100 டிகிரி வரை. சோபாவில் உட்கார்ந்தவர் காதிலிருந்து நேரே முன்னால் பார்ப்பது சுழியம், நேர் மேலே 90. எங்கள் சீலிங் ஒன்பதடி. உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றடி. மிச்சம் ஆறடி. அந்த ஆறடிக்கு 65 டிகிரி என்றால் தலைக்கு மேலிருந்து முன்னால் இரண்டே முக்கால் அடி, 100 டிகிரி என்றால் தலைக்குப் பின்னால் ஓரடி. இந்த நாலடிக்கும் குறைவான பட்டைக்குள்தான் துளை விழ வேண்டும். கம்பெனிக்காரர் வரைந்த இடத்துக்குக் கணக்குப் போட்டால் 34 டிகிரி வந்தது.

நான் முடிவு செய்தது தலைக்கு மேலிருந்து ஒன்றரையடி முன்னால். கோணம் ஏறக்குறைய 76. அகலத்துக்கு, டிவிக்கு இரு பக்கமும் நிற்கிற ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவில் எட்டடி இருந்தது, மேலேயும் அதே எட்டடி. இந்த இடத்தில்தான் நம் ஊர் வீட்டுக்கே உரிய சிக்கல் வந்தது. காற்றாடி. ஹாலுக்கு நட்ட நடுவில், அதே ஒன்றரையடி முன் கோட்டில், சரியாகத் தொங்குகிறது. அறுபது அங்குலக் காற்றாடி, அதாவது நடுவிலிருந்து இறக்கை நுனி வரை இரண்டரையடி. ஸ்பீக்கர் நடுவிலிருந்து நாலடி தள்ளி இருப்பதால் தப்பித்தோம். இறக்கைக்கு மேலே ஸ்பீக்கர் வந்துவிட்டால் சத்தத்தை இறக்கை வெட்டி வெட்டி அனுப்பும், பாட்டு நடுங்கிக்கொண்டே கேட்கும். வெள்ளைக்காரர்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் காற்றாடியைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. அவர்கள் ஹாலில் அது இருக்காது போல.

தரையில் முதலில் மாஸ்கிங் டேப்பால் இரண்டு சிலுவை ஒட்டினேன். பிறகு லேசர் லெவலரைத் தரையில் வைத்து மேலே புள்ளி விழ வைத்தோம். அந்தப் புள்ளியைச் சுற்றி சீலிங்கைத் தட்டிப் பார்க்க வேண்டும், பொந்தாகக் கேட்டால் சரி, கட்டியாகக் கேட்டால் உள்ளே சட்டம் போகிறது. இடது புள்ளியில் கட்டியாகக் கேட்டது. இரண்டையும் சேர்த்து மூன்று அங்குலம் முன்னால் தள்ளினோம். ஒன்றை மட்டும் தள்ளாதீர்கள், இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

வயர். ஜாலான் பசார் பெரியவர் மறுபடி. இரண்டு சுருள் எடுத்து வைத்தார், இரண்டும் பார்க்க ஒரே செம்பு நிறம், ஒன்று மற்றதைவிடப் பாதி விலை. வித்தியாசம் கேட்டேன். பேனாக்கத்தியை எடுத்து, மலிவுச் சுருளிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, மேசைக் கண்ணாடி மேல் வைத்துச் சுரண்டினார். செம்பு போய் உள்ளே வெள்ளி நிறம் வந்தது. அலுமினியம், மேலே செம்பு முலாம். மற்றதைச் சுரண்டினார், எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். அலுமினிய வயரின் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எங்களுக்கு ரிசீவரிலிருந்து சுவர் ஏறி, சீலிங் ஓரத்தில் பிளாஸ்டரால் கட்டிய எல்-பாக்ஸுக்குள் போய், சீலிங் மேல் ஊர்ந்து தூரத்து ஸ்பீக்கருக்குப் போக 12 மீட்டர். போக வர 24. பதினாறு கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண்) செம்பில் தடை 0.3 ஓம் சொச்சம், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 0.4க்குள் இருந்தால் கவலையில்லை. அதே கேஜ் அலுமினியத்தில் அரை ஓமை எட்டும். சீலிங்குக்குள் போய்விட்டால் பிறகு யார் திறந்து மாற்றுவது? மீட்டர் நாலு வெள்ளிக்குச் செம்பே வாங்கினேன். இன்னும் தூரம் போகிறவர்கள் அதைவிடத் தடிமனான பதினாலு கேஜ் வாங்குங்கள். நூறு வெள்ளி மீட்டர் வயரெல்லாம் நமக்கெதற்கு.

மின்சார வயரும் ஸ்பீக்கர் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக் கூடாது. ஓரடியாவது இடைவெளி விடுங்கள், குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் நேர் குறுக்காகப் போகட்டும். ஸ்பீக்கர் வயரை நாமே இழுக்கலாம், ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சாக்கில் புது பிளக் பாயின்ட், டவுன்லைட் இடம் மாற்றுவது என்று 230 வோல்ட் பக்கம் கை போனால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வெட்டுவதற்கு வந்தவர் காப்பாரிலிருந்து, பிளாஸ்டர் சீலிங் வேலையே செய்கிற தம்பி. ஆடியோ பற்றி எதுவும் தெரியாது, அதை மறைக்கவும் இல்லை. ஏணியில் ஏறி டவுன்லைட் துளை வழியாக விரலை விட்டுப் பிளாஸ்டரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“அக்கா, இது கிப்சம் போர்டு இல்ல. நார் போட்டு வார்த்த பழைய பிளாஸ்டர். கிளாம்ப ரொம்ப முறுக்கினா வெடிச்சிரும்.”

“அப்ப என்ன செய்றது தம்பி?”

“பிளைவுட்ல வளையம் வெட்டி உள்ள வைப்போம். கிளாம்பு அது மேல உக்காரட்டும்.”

இந்த ஒரு பேச்சுக்கே அவருக்குக் கொடுத்த 250 வெள்ளி தகும். இந்த ஸ்பீக்கர்களைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்டிக் காதுகள். முன்னாலிருந்து திருகைச் சுற்றினால் காது வெளியே விரிந்து, சீலிங் பலகையை மேலிருந்து கவ்வும். புதுக் கிப்சம் போர்டு அதைத் தாங்கும். வார்த்த பிளாஸ்டரில் நேரடியாகக் கவ்வினால் வட்டம் சுற்றிலும் விரிசல் ஓடும், அதை மறைக்க முழு சீலிங்குக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். வளையத்தை முழு வட்டமாக உள்ளே நுழைக்க முடியாதே என்று நான் யோசிப்பதற்குள், அவர் அதை இரண்டு அரை வட்டமாக அறுத்து, ஒவ்வொன்றாகச் சாய்த்து உள்ளே விட்டு, பிளாஸ்டருக்கு மேல் பசை போட்டு உட்கார வைத்துவிட்டார். பசை காயட்டும் என்று மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துவிட்டு வந்தார். கடைசித் திருகை டிரில்லால் முறுக்கவில்லை, கையால் முறுக்கினார். கூடவே ஒவ்வொரு ஸ்பீக்கர் சட்டத்திலிருந்தும் ஒரு மெல்லிய கம்பியை மேலே கான்கிரீட்டில் அடித்த கொக்கியில் கட்டிவிட்டார். காது உடைந்தாலும் யார் தலையிலும் விழாது.

வெட்டும்போது தூசி கோலமாவு கொட்டினது போல ஹால் முழுக்க இறங்கும். டிவியையும் ரிசீவரையும் பழைய சாரத்தால் போர்த்தினோம், ரிசீவரின் மேல் துவாரங்களை முக்கியமாக. டெம்ப்ளேட் அட்டை பெட்டிக்குள்ளேயே வருகிறது, அதை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினால் போதும். கோட்டுக்கு உள்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தால் இழைத்துக்கொள்ளலாம், பெரிதாகிவிட்டால் கிரில் மறைக்காது.

ஸ்பீக்கரைத் தூக்கி மாட்டும் முன் ஒரு சோதனை. ரிசீவர் பக்கத்து வயர் முனையில் சாதாரண டபுள் ஏ பேட்டரியை ஒரு நொடி தொட வைத்தேன். சிவப்பு வயர் பேட்டரியின் பிளஸ்ஸில். மேலே ஏணியில் நின்ற தம்பி கையில் ஸ்பீக்கர். ‘டொப்’ என்று ஒரு சத்தம், கோன் வெளிப்பக்கம் தள்ளியது. உள்ளே இழுத்தால் வயர் மாறியிருக்கிறது என்று பொருள். ஒன்று வெளியே தள்ளி மற்றது உள்ளே இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஓசை எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. இரண்டு பேட்டரித் தொடலில் வயர் அறுபடவில்லை, பக்கம் மாறவில்லை என்று இரண்டும் தெரிந்துபோனது. தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, மறுபடி மறுபடி தொடச் சொன்னார்.

ரிசீவரில் மேலே உள்ள ஸ்பீக்கர் எந்த வகை என்று கேட்கும். சுவர் உயரத்தில் மாட்டினதா, தலைக்கு மேலா, மேல்நோக்கி ஒலித்து சீலிங்கில் பட்டுத் திரும்புவதா என்று மூன்று. தலைக்கு மேல் என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் இவ்வளவு அளந்ததும் வீண். பிறகு ரிசீவரோடு வருகிற, அறையின் ஒலியை அளக்கிற ஒய்பிஏஓ மைக்கைக் கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் வைத்து அளக்கவிட வேண்டும். காற்றாடி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள். பிரஷர் குக்கரையும். அளந்து முடிந்ததும் அது காட்டுகிற தூரத்தை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். மேல் ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரை நான் 100 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகட்டும்.

எப்படி இருக்கிறது? முதல் படம் போட்டு அரை மணி நேரத்தில் எங்க வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி கிரில்லில் காதை வைத்தார். வேலை செய்கிறதா என்று சந்தேகம். அவர் சந்தேகத்தில் தப்பில்லை. அட்மோஸ் படத்திலும் மேல் ஸ்பீக்கர்கள் நிறைய நேரம் சும்மாதான் இருக்கும். ஹெலிகாப்டர், இடி எல்லாம் விளம்பரத்துக்கு. எனக்குப் பிடித்தது வேறு. படத்தில் ஆட்கள் வெளியிலிருந்து ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழையும்போது நம் ஹாலின் சீலிங் சட்டென்று உயர்ந்துவிடும். மழைக் காட்சியில் மழை டிவிக்குள் பெய்யாது, கூரை மேல் பெய்யும். வசனம் வழக்கம்போல டிவியிலிருந்துதான் வருகிறது, அது அப்படித்தான் வர வேண்டும். பழைய தமிழ்ப் படங்களுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் போட்டால் பாட்டின் எதிரொலி கொஞ்சம் மேலே ஏறுகிறது. சிலவற்றுக்குப் பொருந்துகிறது, சிலவற்றில் பாடகர் கிணற்றுக்குள் நிற்பதாகத் தோன்றுகிறது. பாட்டு மட்டும் கேட்கும்போது நான் ஸ்டீரியோவுக்கே மாற்றிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம், நெட்ஃபிளிக்ஸில் அட்மோஸ் பிரீமியம் திட்டத்துக்கு மட்டும்தான். மலிவுத் திட்டத்தில் இருந்துகொண்டு மேலே சத்தமே வரவில்லை என்று ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். படத்தின் பக்கத்தில் அட்மோஸ் சின்னம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எதிர்பாராமல் வந்த தொல்லை ஒன்று. சத்தம் கூட்டினால் எங்கோ ‘கிர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம். ஸ்பீக்கரிலிருந்து வருகிற மாதிரிதான் இருந்தது. யூடியூபில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை ஏறுகிற ஒலி ஒன்றை ஓடவிட்டு, துடைப்பக் கட்டையால் ஒவ்வொரு டவுன்லைட்டாக அழுத்திப் பார்த்தேன். மூன்றாவதை அழுத்தியதும் நின்றது. டவுன்லைட்டைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங், பிளாஸ்டரில் மோதி ஆடியிருக்கிறது. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினேன், போயே போச்சு. இதைத் தெரியாமல் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் எத்தனை பேரோ.

சத்தம் மேலே போகுமா என்று மாமியாருக்குக் கவலை, அவர் அறை ஹாலுக்கு நேர் மேலே. நடுவில் கான்கிரீட், ஒன்றும் போகவில்லை. காலையில் அவர் மின்னல் எஃப்எம் வைக்கிற சத்தம்தான் எங்களுக்குக் கேட்கிறது. ஆனால் பிளாஸ்டருக்கு மேலுள்ள பொந்து ஹாலிலிருந்து சமையலறை வரை தொடர்ச்சியாக ஓடுகிறது. அந்த வழியாகச் சத்தம் நடந்து போய் சமையலறை டவுன்லைட் வழியாக இறங்கியது. ராக்வூல் துண்டுகளைத் துணிப் பைக்குள் போட்டு ஸ்பீக்கருக்கு மேலே வைத்தோம், நிறையக் குறைந்தது. துணிப் பை வேண்டும், நார் உதிர்ந்து கோனில் விழக் கூடாது. டவுன்லைட்டை ஒட்டி வைக்காதீர்கள், சூடாகும்.

மேல்மாடி அறையில் போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் ஓட்டுக்குக் கீழே சதுரம் சதுரமாக ஆணியடித்த சீலிங் ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கலாம். அதை வெட்டினால் பறக்கிற நார் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். என்ன ஷீட் என்று தெரியாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

கொண்டோவில், அதாவது அடுக்குமாடியில், இருப்பவர்கள் நிலைமை வேறு. என் நாத்தனார் செராஸில் கொண்டோவில் இருக்கிறார், வந்து கேட்டுவிட்டுத் தனக்கும் வேண்டுமென்றார். அவர் ஹாலில் மேலே வெறும் கான்கிரீட், பொய் சீலிங் கிடையாது. இதற்காக சீலிங் இறக்கினால் ரெனோவேஷன் ஃபாரம், மேனேஜ்மென்ட் ஆபீஸில் டெபாசிட், ஹாலும் தாழ்ந்துபோகும். அவருக்கு நான் சொன்னது, முன் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்து மேல்நோக்கி ஒலிக்கிற வகையை வாங்கச் சொல்லித்தான். எங்கள் ஹாலில் எல்-பாக்ஸும் காற்றாடியும் ஒலியைச் சிதறடித்துவிடும் என்பதால் அதை நான் தொடவே இல்லை. அவர் வீட்டிலோ ஒன்பதடி உயரத்தில் மொட்டையான, தட்டையான கான்கிரீட், காற்றாடி சாப்பாட்டு மேசைக்கு மேல். ஏழரையிலிருந்து பன்னிரண்டடி வரை தட்டையான சீலிங் இருந்தால் அந்த வகை சரியாக வரும். வாங்கிவிட்டார், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. பேட்டரியை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.